முதல்-மந்திரி ஆன பாதிரியார்: கனடாவுக்கு இலவச வைத்தியம் வந்த கதை

கனடா நாட்டு டெலிவிஷன் ஒன்று 2004-ம் ஆண்டு நேயர்களிடம் ஒரு ஓட்டெடுப்பு நடத்தியது. கனடா வரலாற்றிலேயே மிகச் சிறந்த மனிதர் யார் என்பதுதான் கேள்வி.

போட்டியில் இருந்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் அல்ல. முன்னாள் பிரதமர்கள் இருந்தார்கள். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இருந்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு உயிர் கொடுத்த இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் இருந்தார். ஐஸ் ஹாக்கி மன்னன் வெய்ன் கிரெட்ஸ்கியும் இருந்தார்.

அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளி முதல் இடத்தைப் பிடித்தவர் ஒரு பாதிரியார். பெயர் டாமி டக்ளஸ். அவர் ஒரு நாள்கூட பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. ஓட்டெடுப்பு நடந்தபோது அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகி இருந்தன.

கனடாவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் டாக்டர் பீஸ் கேட்பதில்லை. பிரசவமோ, இதய ஆபரேஷனோ, கையில் இருக்கும் சுகாதார கார்டை நீட்டினால் போதும். மருந்துக்கடைச் செலவு, பல் வைத்தியம் போன்றவை தனிக் கணக்கு. டொராண்டோவில் குடியேறி இருக்கும் ஈழத் தமிழர்களின் பாக்கெட்டிலும் அந்த கார்டு இருக்கிறது.

அந்த கார்டுக்குப் பின்னால் ஒரு ஏழைச் சிறுவனின் கால் இருக்கிறது.

காலை வெட்டச் சொன்ன டாக்டர்கள்

டாமி டக்ளஸ் பிறந்தது கனடாவில் அல்ல. ஸ்காட்லாந்தில் உள்ள பால்கிர்க் என்ற ஊரில் 1904-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி பிறந்தார். அப்பா இரும்பு வார்ப்புத் தொழிலாளி. உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பம்.

சின்ன வயதில் கீழே விழுந்ததில் டாமிக்கு வலது முழங்காலில் அடிபட்டது. சாதாரணக் காயம் என்று நினைத்தார்கள். அது எலும்பு வரைக்கும் சீழ் பிடித்து விட்டது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம் அது. கத்தி வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பல ஆபரேஷன்கள் நடந்தன. புண் ஆறுவதும் மறுபடி திறப்பதுமாக இருந்தது.

பிழைப்பு தேடி குடும்பம் கனடாவுக்கு கப்பல் ஏறியது. வின்னிபெக் நகரில் குடியேறினார்கள். அங்கே கால் மறுபடியும் மோசமானது. ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கான பொது வார்டில் டாமியைச் சேர்த்தார்கள். பரிசோதித்த டாக்டர்கள், காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி விட்டார்கள். பெரிய டாக்டரிடம் காட்ட பெற்றோரிடம் பணம் இல்லை. கையில காசு, வாயில தோசை என்ற நிலைமைதான் அன்று அங்கேயும்.

அப்போதுதான் ஸ்மித் என்ற பிரபல எலும்பு ஆபரேஷன் நிபுணர் அந்த வார்டுக்கு வந்தார். மாணவர்களுக்குப் பாடம் நடத்த அவருக்கு இப்படி ஒரு நோயாளி தேவைப்பட்டது. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க சம்மதித்தால் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்கிறேன் என்றார். பெற்றோர் தலையை ஆட்டினார்கள்.

கால் தப்பியது.

வயது ஏற ஏற டாமியை ஒரு கேள்வி அரித்தது. ஸ்மித் டாக்டர் அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? பக்கத்துத் தெரு பணக்காரப் பையனுக்கு இதே நோய் வந்திருந்தால் அவன் யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியது இல்லையே? தன் கால் பிழைத்தது அதிர்ஷ்டத்தால்தான் என்பதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சொன்னார்.

மொட்டை மாடியில் இருந்து பார்த்த காட்சி

முதல் உலகப் போரின்போது குடும்பம் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, போர் முடிந்ததும் மறுபடி வின்னிபெக் வந்தது. வந்த கொஞ்ச காலத்திலேயே, 1919-ல், அந்த நகரில் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் 30 ஆயிரம் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஊரே ஸ்தம்பித்தது.

ஜூன் 21-ந்தேதி சனிக்கிழமை. 14 வயது டாமி ஒரு நண்பனுடன் கட்டிடத்தின் மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தான். கீழே மெயின் தெருவில் கூட்டம். குதிரைப் போலீசார் கூட்டத்துக்குள் பாய்ந்தார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள். 2 பேர் உயிர் இழந்தனர். கனடா வரலாற்றில் அந்த நாளை ரத்த சனிக்கிழமை என்றே சொல்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காக கைது செய்யப்பட்டவர்களில் ஒருவர் ஜே.எஸ்.உட்ஸ்வொர்த். அவரும் பாதிரியாராக இருந்தவர்தான். வின்னிபெக் ஏழைகள் மத்தியில் ஊழியம் செய்தவர். பிற்காலத்தில் டாமியை அரசியலுக்குள் இழுத்துக் கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர்.

குத்துச்சண்டை சாம்பியன்

வீட்டுக் கஷ்டத்தால் டாமி படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சுக் கோர்க்கும் எந்திரத்தில் கை தேர்ந்தவர் ஆனார்.

மாலையில் குத்துச்சண்டைப் பயிற்சி. வெட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்ன அதே காலை வைத்துக்கொண்டு, 1922-ம் ஆண்டு மானிடோபா மாகாண இலகு எடை குத்துச்சண்டை சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டும் பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டார். மூக்கு உடைந்தது. சில பற்கள் போயின. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை.

கோதாவில் நின்ற பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பிரசங்கமும் செய்து கொண்டிருந்தான் என்பதுதான் வேடிக்கை. அம்மா பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1924-ல் டாமி அந்த சபை நடத்திய பிராண்டன் கல்லூரியில் சேர்ந்தார். விட்ட பள்ளிப் படிப்பையும் முடித்து பட்டமும் வாங்க 6 ஆண்டுகள் ஆயின. வார இறுதியில் கிராமத்து ஆலயங்களில் பிரசங்கம் செய்து கிடைத்த பணத்தில்தான் படித்தார். குள்ளமான உருவம். ஆனால் வாயைத் திறந்தால் கூட்டம் சிரித்து உருளும். அப்படிப் போன ஊர் ஒன்றில்தான் இர்மா என்ற இசை மாணவியைப் பார்த்தார். 1930-ல் கல்யாணம் நடந்தது.

மழை பொய்த்த ஊரில் போதகர்

கல்யாணம் ஆன கையோடு வேலையும் கிடைத்தது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் வேபர்ன் என்ற சிறிய ஊர். அங்குள்ள பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு போதகராகப் போனார்.

போன நேரம் சரியில்லை. உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். கோதுமை விலை அதலபாதாளத்துக்குப் போய் விட்டது. போதாக்குறைக்கு சஸ்காச்சுவானில் மழையும் பொய்த்தது. வயல் மண் காற்றில் பறந்து பட்டப்பகலை இருட்டாக்கியது. வெட்டுக்கிளிகள் மிச்சம் இருந்த பயிரையும் தின்று தீர்த்தன. ஊருக்கே சோறு போட்ட விவசாயிகள் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

டக்ளஸ் பிரசங்கத்தோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ஆலயத்தின் அடித்தளத்தில் பழைய துணிகளையும் உணவுப் பொருட்களையும் சேர்த்து வைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். வேலை இல்லாத இளைஞர்களைச் சேர்த்து ஏதாவது செய்ய வைத்தார்.

டாக்டரைப் பார்க்க வழி இல்லாமலும், பார்த்தும் காசு கட்ட முடியாமலும் செத்துப்போனவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்த வேண்டிய வேலையும் அவருடையதுதான். சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இளம் தகப்பன்மார்களையும் அவர் புதைத்தார். கடவுள் சித்தம் என்று சொல்லி வீட்டுக்கு வர அவரால் முடியவில்லை. கடவுள் காலைக் காப்பாற்ற நினைத்தாலும் டாக்டருக்கு யாராவது காசு கொடுக்க வேண்டி இருக்கிறதே என்பது அவர் சின்ன வயதிலேயே படித்த பாடம்.

1931 செப்டம்பரில் பக்கத்தில் உள்ள எஸ்டெவன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனபோது போலீசார் சுட்டதில் 3 பேர் இறந்தனர். வின்னிபெக் மாடியில் பார்த்த அதே காட்சி. தொழிலாளர் குடும்பங்களுக்கு டக்ளஸ் உணவு திரட்டிக் கொடுத்தார். பாதிரியாருக்கு இது தேவையா என்று முணுமுணுப்பு எழுந்தது.

உட்ஸ்வொர்த் அப்போது பாராளுமன்ற உறுப்பினர். டக்ளஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். ரெஜினா நகரில் இருந்த கோல்டுவெல் என்ற பள்ளித் தலைமை ஆசிரியரின் தொடர்பு கிடைத்தது. விவசாயிகள், தொழிலாளர்கள், சோசலிஸ்டுகள் சேர்ந்து 1932-ல் சி.சி.எப். என்ற புதிய கட்சியைத் தொடங்கினார்கள். டக்ளஸ் அதில் சேர்ந்தார்.

அழியாத கறை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது.

1933-ல் டக்ளஸ் எம்.ஏ. பட்டத்துக்காக மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். வறுமையிலும் நோயிலும் குற்றங்களிலும் சிக்கிய குடும்பங்களைப் பற்றியது. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முடிவு செய்யப்படுகிறவர்களுக்கு கருத்தடை ஆபரேஷன் செய்யலாம், கல்யாணம் செய்ய டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம் ஆக்கலாம் என்று அதில் எழுதி இருந்தார்.

ஏழைகளுக்காக உருகிய அதே பாதிரியார் எழுதியதுதான் இது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் 1928-லேயே கருத்தடைச் சட்டம் வந்து விட்டது. அதற்காக டக்ளஸ் எழுதியது சரியாகி விடாது. யாருடைய உடம்பில் கத்தி வைக்கலாம் என்று அடுத்தவர் முடிவு செய்கிற யோசனை அது.

1936-ல் அவர் ஐரோப்பா போனார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியை நேரில் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1944-ல் அதிகாரம் கைக்கு வந்தபோது, கருத்தடைச் சட்டம் கொண்டு வரலாம் என்று நிபுணர்கள் யோசனை சொன்னார்கள். சுகாதார மந்திரியும் அவர்தான். முடியாது என்று தள்ளி விட்டார். ஆனால் அந்தக் கட்டுரை அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டது. அவரைப் பிடிக்காதவர்கள் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆலயமா, அரசியலா?

1934 மாகாணத் தேர்தலில் டக்ளஸ் நின்றார். தோற்றார். சரி, ஆசை தீர்ந்தது, ஆலயத்தோடு இருந்து விடலாம் என்றுதான் நினைத்தார். அமெரிக்காவில் ஒரு சபைக்குப் போகும் வாய்ப்பும் வந்திருந்தது.

அப்போது பாப்டிஸ்ட் சபையின் மேலதிகாரி ஒருவர் வேபர்னுக்கு வந்தார். அரசியலை விட்டுவிட வேண்டும், மறுபடி தேர்தலில் நின்றால் கனடாவில் இனி உனக்கு எந்த ஆலயமும் கிடைக்காது என்று மிரட்டினார்.

குத்துச்சண்டைக்காரரிடம் பேசுகிற பேச்சா அது? மிரட்டல் வந்ததும் டக்ளசுக்குக் குழப்பம் தீர்ந்தது. பாராளுமன்றத் தேர்தலில் நிற்கிறேன் என்று அறிவித்து விட்டார்.

1935 அக்டோபரில் தேர்தல். சில நூறு ஓட்டுகள் வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு வயது 30. கட்சிக்கு மொத்தம் கிடைத்ததே 7 இடங்கள்தான். சம்பளத்துக்குப் பிரசங்கம் செய்யும் வேலை அதோடு முடிந்தது. ஆனால் பாதிரியாரின் நடை, பேச்சு, கதை சொல்லும் வழக்கம் எதுவும் போகவில்லை.

அவர் மேடைகளில் சொல்லும் எலிக் கதை கனடா முழுவதும் பிரபலம். எலிகளின் நாட்டில் எலிகளே ஓட்டு போட்டு பூனைகளை ஆட்சிக்கு அனுப்புகின்றன. கருப்புப் பூனை சரியில்லை என்று வெள்ளைப் பூனை, வெள்ளை சரியில்லை என்று மறுபடி கருப்பு. எலிகளையே அனுப்பினால் என்ன என்று ஒரு குட்டி எலி கேட்கிறது. உடனே அதைப் பிடித்து ஜெயிலில் போடுகிறார்கள். கதையை முதலில் சொன்னவர் அவருடைய கட்சிக்காரரான கில்லிஸ் என்ற சுரங்கத் தொழிலாளி. ஊர் ஊராகக் கொண்டு போனவர் டக்ளஸ்.

இரண்டாவது உலகப் போர் வந்தபோது அவர் ராணுவத்தில் சேர்ந்தார். வின்னிபெக் படைப்பிரிவோடு வெளிநாடு போக இருந்தவரை மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தி விட்டார்கள். காரணம் அந்தப் பழைய முழங்கால். அந்தப் படைப்பிரிவு ஹாங்காங் போனது. 1941 டிசம்பரில் ஜப்பானியர்களிடம் சிக்கியது. பலர் செத்தார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் சிறை முகாமில் வாடினார்கள்.

52-ல் 47

1944-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி சஸ்காச்சுவான் சட்டசபைத் தேர்தல். டக்ளஸ் பாராளுமன்றப் பதவியை விட்டுவிட்டு மாகாணத்துக்குத் திரும்பி இருந்தார். கம்யூனிஸ்டுகள் வந்தால் நிலத்தைப் பிடுங்கி விடுவார்கள் என்று எதிர்க்கட்சிகள் பூச்சாண்டி காட்டின. விவசாயிகள் காதில் வாங்கவில்லை. மொத்தம் 52 இடங்களில் 47 இடங்களை சி.சி.எப். அள்ளியது. ஓரிரு இடம் கிடைத்தாலே பெரிது என்று ஆரம்பித்த கட்சி அது.

வட அமெரிக்காவில் சோசலிஸ்டு கட்சி அமைத்த முதல் அரசு என்று பத்திரிகைகள் எழுதின. டக்ளஸ் முதல்-மந்திரி ஆனார். சுகாதார இலாகாவை வேறு யாருக்கும் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக் கொண்டார்.

வேலைகள் மளமளவென்று நடந்தன. 1945 தொடக்கத்தில் வயதான ஓய்வூதியக்காரர்களுக்கு இலவச வைத்தியம். புற்றுநோய்க்கும் மனநோய்க்கும் இலவச சிகிச்சை. தொலைதூரக் கிராமங்களில் இருந்து நோயாளிகளைத் தூக்கி வர விமான ஆம்புலன்ஸ். தொழிற்சங்கச் சட்டம். வாகன இன்சூரன்ஸ் கம்பெனியை அரசே தொடங்கியது. மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் போனது. 1947-ல் மனித உரிமைச் சட்டம். 1960-ல் பூர்வகுடி மக்களுக்கு மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. அரசே நடத்திய செருப்புத் தொழிற்சாலை படுத்தது. தோல் பதனிடும் ஆலையும் கம்பளி ஆலையும் நஷ்டத்தில் மூடப்பட்டன. எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன.

ஆனால் 1947 ஜனவரி 1-ந்தேதி தொடங்கிய ஆஸ்பத்திரி திட்டத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர். எத்தனை பேர் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு 30 டாலருக்கு மேல் இல்லை. அதைக் கட்டினால் ஆஸ்பத்திரியில் படுக்கை, ஆபரேஷன் அறை எதற்கும் தனியாகக் காசு கிடையாது. வட அமெரிக்காவில் அப்படி ஒரு திட்டம் அதுவரை இல்லை.

டாக்டர் பீஸ் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் டக்ளசின் ஆசை. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மாகாணத்திடம் பணம் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 1950-களின் கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவில் ஏறக்குறைய பாதியை மத்திய அரசு ஏற்கத் தொடங்கியது. கஜானாவில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. 1959-ல் டக்ளஸ் அறிவித்தார். எல்லோருக்கும் டாக்டர் செலவை அரசே ஏற்கும்.

டாக்டர்கள் போர்க்கொடி

டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். எங்களை அரசாங்க ஊழியர் ஆக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். 1960 தேர்தலில் மருத்துவர் சங்கமே பணம் திரட்டி, அரசியல் கட்சி போலப் பிரசாரம் செய்தது. டாக்டர்கள் ஊரை விட்டுப் போய் விடுவார்கள், வெளிநாட்டில் இருந்து கிடைத்தவர்களைக் கொண்டு வந்து இறக்குவார்கள் என்று ஜனங்களைப் பயமுறுத்தினார்கள்.

டக்ளஸ் ஐந்தாவது முறையாக வென்றார்.

1961-ல் சி.சி.எப். கட்சி தொழிற்சங்கங்களோடு சேர்ந்து புதிய ஜனநாயகக் கட்சி என்று புது உருவம் எடுத்தது. தேசிய அளவில் அதற்குத் தலைவர் வேண்டும். டக்ளசைத் தவிர வேறு யார்? 17 ஆண்டுகள் இருந்த முதல்-மந்திரி பதவியை நவம்பரில் ராஜினாமா செய்தார். மருத்துவச் சட்டத்தை அமல்படுத்தும் வேலை அடுத்து வந்த உட்ரோ லாய்டு தலையில் விழுந்தது. டக்ளஸ் வீட்டைக் கட்டினார் என்றால், இடி விழுந்தபோது கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லாய்டு. இவரைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை.

1962 ஜூன் 18-ந்தேதி பாராளுமன்றத் தேர்தல். டக்ளஸ் ரெஜினாவில் நின்றார். இரண்டு வாரத்தில் மருத்துவத் திட்டம் தொடங்க இருந்தது. டாக்டர்கள் ஆஸ்பத்திரிகளை மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பீதி. அவர் யாருக்காகச் சட்டம் கொண்டு வந்தாரோ அதே மாகாணத்து மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். சாதாரணத் தோல்வி அல்ல. பல ஆயிரம் ஓட்டுகள் வித்தியாசம்.

ஜூலை 1-ந்தேதி திட்டம் தொடங்கியது. அன்றே பெரும்பாலான டாக்டர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய் விட்டார்கள். சில ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சை மட்டும் நடந்தது. முதல் நாளே ஒரு கொடுமை நடந்தது. நோயுற்ற 9 மாதக் குழந்தையை எடுத்துக்கொண்டு பெற்றோர் டாக்டரைத் தேடி காரில் ஊர் ஊராக அலைந்தார்கள். குழந்தை வழியிலேயே இறந்து விட்டது. இரண்டு தரப்பும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

பதவியில் இல்லாத டக்ளசையும் விடவில்லை. சர்வாதிகாரி என்று எழுதி அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள்.

லாய்டு அசையவில்லை. இங்கிலாந்தில் இருந்து டாக்டர்கள் வரவழைக்கப்பட்டார்கள். சில ஊர்களில் மக்களே சேர்ந்து கூட்டுறவு கிளினிக்குகளைத் திறந்தார்கள். ரெஜினா சட்டசபை முன்பு பல்லாயிரம் பேர் திரளுவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொன்ன நாளில் வந்தது சில ஆயிரம் பேர்தான். அதோடு எதிர்ப்பின் காற்று இறங்கியது. இங்கிலாந்தில் இருந்து வந்த டெய்லர் பிரபு என்ற டாக்டர் இரு தரப்புக்கும் நடுவே ஓடி ஓடிப் பேசினார். ஜூலை 23-ந்தேதி சஸ்கட்டூன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டாக்டர்கள் தனியாகவே கிளினிக் நடத்தலாம், பில்லை அரசு கட்டும் என்று முடிவானது. 23 நாள் போராட்டம் முடிந்தது.

லாய்டு அரசு 1964 தேர்தலில் ஆட்சியை இழந்தது. புதிதாக வந்த கட்சி மருத்துவத் திட்டத்தில் கை வைத்து மூட்டை கட்டவில்லை. ஜனங்களுக்கு அதற்குள் பழகி விட்டது.

நாடு முழுவதும்

தோற்ற டக்ளசுக்காக மேற்குக் கரையில் இருந்த கட்சிக்காரர் ஒருவர் தன் தொகுதியை விட்டுக் கொடுத்தார். 1962 அக்டோபர் இடைத்தேர்தலில் வென்று டக்ளஸ் மறுபடி பாராளுமன்றம் போனார்.

மருத்துவத் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டு வரலாமா என்று ஆராய, பழமைவாதக் கட்சிப் பிரதமர் டீபன்பேக்கர் 1961-ல் நீதிபதி ஹால் தலைமையில் கமிஷன் அமைத்திருந்தார். டாக்டர்கள் சங்கம்தான் கமிஷன் வேண்டும் என்று கேட்டது. திட்டத்துக்கு ஆப்பு வைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1964-ல் வந்த அறிக்கை நேர்மாறாக, சஸ்காச்சுவான் வழியில் நாட்டுக்கே திட்டம் வேண்டும் என்றது.

அப்போது பிரதமராக இருந்த லிபரல் கட்சியின் பியர்சனுக்கு மெஜாரிட்டி இல்லை. டக்ளஸ் கட்சியின் ஆதரவும் தேவைப்பட்டது. 1966-ல் சட்டம் நிறைவேறியது. 1968 ஜூலையில் அமலுக்கு வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்து விட்டன. சட்டப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பெருமை லிபரல்களுக்கு. அப்பா என்ற பட்டம் டக்ளசுக்கு.

ஆனாலும் அவர் கட்சி தேசிய அளவில் மூன்றாவது, நான்காவது இடத்தைத் தாண்டவில்லை. 1968 தேர்தலில் அவர் தொகுதியிலேயே வெறும் 138 ஓட்டில் தோற்றார். அடுத்த ஆண்டு நனைமோ பகுதி இடைத்தேர்தலில் நின்று மீண்டும் உள்ளே போனார்.

1970 அக்டோபரில் கியூபெக் தீவிரவாதிகள் ஒரு மந்திரியையும் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியையும் கடத்தினார்கள். மந்திரி கொலை செய்யப்பட்டார். பிரதமர் ட்ரூடோ போர்க்காலச் சட்டத்தைக் கொண்டு வந்தார். வாரண்டு இல்லாமல் யாரையும் பிடித்து உள்ளே போடலாம். நாடே ட்ரூடோ பக்கம் நின்றது. டக்ளஸ் எழுந்து எதிர்த்தார். சபையில் திட்டு வாங்கினார். சொந்தக் கட்சியிலேயே சிலர் அவரோடு சேரவில்லை. அந்தச் சட்டத்தில் பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் மீது எந்த வழக்கும் போட முடியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

1971-ல் கட்சித் தலைவர் பதவியில் இருந்து விலகினார். 1979 வரை எம்.பி.யாக இருந்து ஓய்வு பெற்றார். மகள் ஷெர்லி நடிகை ஆனார். ஷெர்லியின் மகன்தான் ஹாலிவுட் நடிகர் கீபர் சதர்லேண்ட். அமெரிக்க டெலிவிஷன் தொடரில் துப்பாக்கியோடு ஓடிய அந்த ஹீரோவுக்கு இந்தப் பாதிரியார் தாத்தா.

போலீஸ் பைலில் பாதிரியார்

1984-ல் கனடா சுகாதாரச் சட்டம் வந்தது. நோயாளியிடம் டாக்டர்கள் கூடுதலாகக் காசு வாங்குவதற்கு முட்டுக்கட்டை போட்ட சட்டம். பாராளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டு போடவில்லை. 22 ஆண்டுகளுக்கு முன் கொடும்பாவி கட்டிய விஷயம், இப்போது எந்தக் கட்சியும் எதிர்க்கத் துணியாத விஷயம் ஆகி விட்டது.

அதே ஆண்டில் ஒட்டாவா நகரில் டக்ளஸ் மீது பஸ் மோதியது. வயது 79. ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்து விட்டார். ஆனால் புற்றுநோய் விடவில்லை. 1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி காலமானார். ஒட்டாவாவில் உள்ள பீச்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு விஷயம் வெளியே வந்தது. முதல்-மந்திரியாகவும் கட்சித் தலைவராகவும் இருந்த அவரை, கனடா போலீசின் உளவுப் பிரிவு 1930-களின் கடைசியில் இருந்து பல ஆண்டுகள் கண்காணித்து வந்திருக்கிறது. யாரோடு பேசினார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று எழுதி வைத்திருந்தார்கள். பைல் 1,100 பக்கங்களுக்கு மேல் போனது. நிருபர் ஒருவர் முழு பைலையும் கேட்டு கோர்ட்டுக்குப் போனார். நாட்டின் பாதுகாப்பு கெட்டு விடும் என்று சொல்லி அரசு எதிர்த்து வழக்காடியது. கோர்ட்டில் இழுபறி நடந்து கூடுதல் பக்கங்கள் வெளியே வந்தன. சில பகுதிகளைக் கருப்பு மையால் அடித்துத்தான் கொடுத்தார்கள்.